மல்லாட்டை விலைக்குக் கீழே ஒரு போன் நம்பர்

பனமலை,
28.6.2025, சனிக்கிழமை.

அன்பு மருமகள் புனிதாவுக்கு மாமா சுப்பராயலு எழுதிக்கொள்வது.

உன் பெயருக்கு முன்னால் மூன்று இடத்தில் மையால் அடித்திருப்பதைப் பார்த்து, மாமாவுக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்துவிடாதே. கை நன்றாகத்தான் இருக்கிறது. முப்பத்தொன்பது வருஷம் இந்த ஊர்க் கிளைத் தபால் நிலையத்தில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். கல்யாணமான பெண்ணுக்கு எப்படி ஆரம்பிக்க வேண்டும், ஆகாத பெண்ணுக்கு எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் ‘சௌபாக்கியவதி’ என்று எழுதினேன், அடித்தேன். ‘திருநிறைச்செல்வி’ என்று எழுதினேன், அதையும் அடித்தேன். ‘திருமதி’ என்று போட்டுப் பார்த்தேன். கரண்ட் ஆபீசிலிருந்து வந்த நோட்டீஸ் மாதிரி இருந்தது. உன் நிலைமையில் இருக்கிற பெண்ணுக்கு என்ன போட வேண்டும் என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் மருமகள் என்று மட்டும் போட்டுவிட்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே நானும் உன் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். ஏரியில் தண்ணீர் அரை மட்டம். வளவனூரில் உன் அப்பா அம்மா சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ வேலை பார்க்கும் லேபில் கூட்டம் குறைவாக இருக்கட்டும். ரத்தம் சோதித்துக்கொள்ள ஆள் குறைவாக வந்தால் ஊருக்கு நல்லதுதானே.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நாம் இருவரும் போனில் பேசுகிற அழகு உனக்கே தெரியும். ‘சாப்டியாம்மா?’ ‘சாப்டேன் மாமா, நீங்க?’ ‘ஆச்சு.’ அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம். அப்புறம் ‘வெச்சிடட்டுமா?’ என் பிள்ளை ரஞ்சித் கண்ணை மூடியதிலிருந்து பத்தொன்பது மாதமாக இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் சொல்ல வந்ததை இதற்கு நடுவில் எங்கே நுழைப்பது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் நீளும். லேபில் வைத்துப் படிக்காதே.

விஷயம் ரஞ்சித்தின் வெப்சைட்டைப் பற்றியது. உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வேலை முடிந்ததும் அவன் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கும் திண்டிவனம் கமிட்டிக்கும் போன் போட்டு, அன்றைக்கு மல்லாட்டை (கமிட்டி ரசீதில் நிலக்கடலை என்று போடுவார்கள்) மூட்டை என்ன விலைக்குப் போனது என்று கேட்டு, தன் சைட்டில் போடுவான். அதற்குக் கீழே விளம்பரங்கள் தானாக வந்து உட்காரும். படம் கிடையாது, வெறும் எழுத்து. போர்வெல், பழைய டிராக்டர், மல்லாட்டை உடைக்கிற மெஷின், இப்படி. ஒருநாள் கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்தபோது எனக்கு விளக்கிச் சொன்னான். ‘அந்த நீல எழுத்த யாராவது அமுக்கினாதாம்பா நமக்குக் காசு. சும்மா பாத்துட்டுப் போனா ஒண்ணும் கெடையாது. ஆனா நம்ம சைட்ல நாமளே அமுக்கக் கூடாது. அது திருட்டுத்தனம்.’ அப்படி அமுக்கினவர்கள் புண்ணியத்தில்தான் உனக்குத் தையல் மெஷின் வாங்கினான்.

அவனுக்கு அந்த ஐந்து நாள் காய்ச்சல் வந்தபோது சைட்டை யார் நினைத்தோம்? அவன் கடைசியாகப் போட்ட விலை அப்படியே நின்றுவிட்டது. அவன் போனை மட்டும் உன் அத்தை தினம் சார்ஜ் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். எட்டு மாதம் கழித்து அது அடித்தது. நான்தான் எடுத்தேன்.

‘தம்பி, திண்டிவனத்துலேர்ந்து பேசறேன். எட்டு மாசமா மல்லாட்ட ஒரே வெலயில நிக்குதே, இன்னா சமாச்சாரம்?’

‘தம்பி இல்லீங்க, நான் அவங்கப்பா. தம்பி தவறிட்டான்.’

செருமினார். ‘அடக் கடவுளே, சின்னக் கொரலாச்சே’ என்றார். அப்புறம் மெதுவாக, ‘அப்போ இன்னிக்கு வெல இன்னாங்க?’ என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் என் மகன் போய்விட்டான் என்றுதான் சொன்னார்கள். அவன் செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோய்விட்டது என்று சொன்னது இந்த ஒரு ஆள்தான். அன்றைக்கே உனக்குப் போன் போட்டு பாஸ்வேர்டு கேட்டேன். நீ ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நான் ரேஷன் கார்டு உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். நாலாவது எழுத்தில் அது உன் பெயர் என்று எனக்குப் புரிந்தது. நீயும் அங்கேயே நிறுத்திவிட்டாய். மிச்ச எழுத்தை நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நானே போட்டுக்கொண்டேன்.

சைட்டை எப்படித் திறப்பது, எங்கே விலையை அடிப்பது என்பதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நடராசன். திண்டிவனம் கமிட்டிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாரே, ரஞ்சித்துக்குப் பழக்கம், அவர்தான். முதல் நாள் விலையோடு ஒரு சுழி கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் உலகத்திலேயே விலை உயர்ந்த மல்லாட்டை திண்டிவனத்து மல்லாட்டை. ஒரு ஆள் செஞ்சியிலிருந்து வேன் பிடித்து மூட்டையோடு வந்துவிட்டாராம். கமிட்டி வாசலில் நின்று அவர் சொன்ன வார்த்தைகளை நடராசன் எனக்குப் போனில் சொன்னார். அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

போகப் போகப் பழகிவிட்டது. ஆனால் ரஞ்சித் காலத்தில் ஏதோ கொஞ்சம் அமுக்கிக்கொண்டிருந்த ஜனங்கள் என் காலத்தில் அமுக்குவதை நிறுத்திவிட்டார்கள். விளம்பரக் கம்பெனி காட்டுகிற கோடு ஒன்று இருக்கிறதே, அது அவன் காலத்தில் மேடும் பள்ளமுமாக இருந்தது. என் காலத்தில் படுத்துவிட்டது. காசுக்காக நான் கவலைப்படவில்லை அம்மா. நீ லேபில் வேலை செய்கிறவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படுத்துவிட்ட கோட்டை நான் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் அவன் பெயருக்குக் கீழே அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எப்படியாவது அதை எழுப்பிவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

காரணத்தைத் தேடினேன். விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் ‘போர்வெல், இரண்டே நாளில்’ என்று மட்டும் வரும். மேற்கொண்டு தெரிய வேண்டுமானால் அமுக்கித்தான் ஆக வேண்டும். இப்போது ‘போர்வெல், இரண்டே நாளில், அழைக்கவும்’ என்று பத்து இலக்கமும் அங்கேயே வருகிறது. நம்பர் கண்ணுக்கு முன்னால் இருந்தால் எவன் அமுக்குவான்? இதை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று திண்டிவனம் கமிட்டிக்குப் போய் ஒரு நாள் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒருத்தர் நம் சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நம்பரை உரக்கப் படிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் தன் போனில் அதை அடிக்கிறார். ‘ஏங்க, அந்த நீல எழுத்த அமுக்கினா போதுமே’ என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

‘அதான் நம்பர் கீதே பெரியவரே. அமுக்கினா இன்னா வந்துடும்?’

‘என் புள்ளைக்கு ஒரு கிளிக் வரும்’ என்றேன். அவர் போனை மடியில் செருகிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நடராசனோ இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ‘நம்பர் இருந்தாதான் சுப்பராயலு, நம்பிக்க வரும். அனுப்பினவன் பேரு இல்லாத கவரு வந்தா நீ பிரிப்பியா? போன் பண்றவன் வேற ரகம், அவன் எப்பிடியும் அமுக்கமாட்டான். போன் பண்ணத் துணிச்சல் இல்லாதவன்தான் அமுக்கி உள்ள போய்ப் பாப்பான்’ என்றார். நான் இல்லை என்றேன். டீ ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை. கடைசியில் ஒரு வாரம் கவனிப்பது, நம்பர் போட்ட விளம்பரம் வரும் நாளில் எத்தனை பேர் அமுக்குகிறார்கள், நம்பர் இல்லாத நாளில் எத்தனை பேர் என்று பார்ப்பது என முடிவு செய்தோம். நம்பர் வந்த நாளெல்லாம் மழை கொட்டி கமிட்டிக்கு யாருமே வரவில்லை. நம்பர் வராத நாளில் கரண்ட் இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று நடராசனைக் கேட்டேன். ‘உன் கெரகம் சரியில்லன்னு தெரியுது’ என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொங்கல் முடிந்த கையோடு சைட்டில் விலைக்கு மேலே நானே ஓர் அறிவிப்பு எழுதிப் போட்டேன். ‘விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம். விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து போன் செய்யாமல், தயவுகூர்ந்து நீல எழுத்தை அழுத்தவும். இது காலஞ்சென்ற என் மகனின் சைட்.’ நல்ல தமிழ். பிழை கிடையாது. மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் மெயில் வந்தது. அமுக்கச் சொல்லிக் கேட்பது விதிக்கு விரோதமாம். அதனால் ஒரு மாதத்துக்கு விளம்பரம் நிறுத்தமாம். அதுகூடப் பரவாயில்லை. மெயிலின் தலையில் ‘டியர் ரஞ்சித்’ என்று போட்டிருந்தது. அவன் வாழ்நாளில் ஒரு மெமோ வாங்காதவன். நான் உடனே தபால் இலாகா இங்கிலீஷில் பதில் போட்டேன். மேற்படி ரஞ்சித் காலமாகிவிட்டார், குற்றம் செய்தது அவருடைய தகப்பனாராகிய நான், தண்டனையை என் பெயரில் எழுதிக்கொள்ளவும், அவர் பெயரில் எந்தக் குறையும் பதிய வேண்டாம் என்று. அடுத்த நிமிஷமே பதில் வந்துவிட்டது. ‘எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி, ரஞ்சித். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.’ நான் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த லட்சணத்தில் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராக ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சைட்டின் அடியில் ரஞ்சித்தின் நம்பர் இருக்கிறது அல்லவா? அதுதான் விளம்பர நம்பர் என்று நினைத்துச் சிலர் அதற்கு அடிப்பார்கள் போல. அறிவிப்பு போட்ட மறுநாள் கொல்லையிலிருந்து வருகிறேன், உன் அத்தை அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ‘நாங்க போர் போடறவங்க இல்லீங்க… கூட்டேரிப்பட்டுலேர்ந்தா? எர்நூறு அடியில தண்ணி வருமான்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? இருங்க, நம்பர் பாத்து சொல்றேன், எழுதிக்குங்க’ என்று இன்னொரு கையில் என் போனில் விளம்பரத்தைப் பார்த்து நிதானமாக நம்பரைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஊர் ஊராக அலைகிறேன், இவள் இங்கே உட்கார்ந்து நம்பர் விநியோகம் செய்கிறாள். கத்திவிட்டேன். அவள் போனை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டு, ‘ரஞ்சித் கீறாரான்னு கேட்டுக்கினுதான் ஆரம்பிக்கறாங்க. அவன் பேர சொல்லி யாரு இப்ப கூப்புடறாங்க? ரெண்டு வார்த்த பேசினா உனக்கு இன்னா கொறஞ்சிடும்?’ என்றாள்.

ஒரு மாதம் முடிந்து விளம்பரங்கள் திரும்பி வந்தன. இனிமேல்தான் அம்மா, நான் சொல்ல வந்ததே ஆரம்பம்.

வைகாசியில் ஒருநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. லேபில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் போலிருக்கிறது, மூன்று நான்கு பேர் நின்றிருந்தீர்கள். யாரோ என்னவோ சொல்ல, நீ சிரித்தாய். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நீ அப்படிச் சிரிப்பாய் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தினம் கேட்ட சிரிப்பு. நான் பழ வண்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாயே என்று பயம். என் முகத்தைப் பார்த்தால் நீ சிரிப்பை நிறுத்திவிடுகிற நிலைமை வந்துவிட்டது பார். உன் பஸ் போகும் வரை அங்கேயே நின்று, வேண்டாத மாம்பழத்தை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் சைட்டில் விலையைப் போட்டுவிட்டுக் கீழே பார்க்கிறேன். ‘மறுமணம். கணவரை இழந்த பெண்களுக்கு நல்ல குடும்பங்களில் வரன். நம்பிக்கையோடு பேசுங்கள்.’ பக்கத்தில் போன் நம்பர். என் மகன் கட்டின சைட். மேலே அவன் பெயர், நடுவில் மல்லாட்டை விலை, கீழே இது. முதல் நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டாம் நாளும் அதே இடத்தில் இருந்தது. நான்காம் நாள் ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனேன். நம் சைட்டில் நாமே அமுக்கக் கூடாது என்று ரஞ்சித் சொல்லியிருக்கிறான். அதை மீறமாட்டேன். நம்பர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் சத்தியமாக அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் நம்பர் இருந்தது. அடித்தேன்.

‘வணக்கம், அம்சா பேசறேன். சொல்லுங்க சார். உங்க வயசு?’

‘அறுவத்தெட்டு.’

‘தனியா கீறீங்களா சார்? பரவால்ல, இந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம். அறுவது வயசுல ஒரு டீச்சரம்மா கீறாங்க, பென்ஷன் வருது…’

‘எனக்கு இல்லம்மா! என் வூட்டுக்காரி நல்லா கீறா. இது ஒரு பொண்ணுக்கு.’

‘அப்பிடியா, மகளா?’

‘மருமக.’

அந்த அம்மாளுக்குக் குரலே மாறிவிட்டது. ‘மாமனாரா சார் பேசறீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். உன் வயது சொன்னேன். படிப்பு சொன்னேன். உயரம் கேட்டாள். எனக்கு அடி அங்குலக் கணக்கு தெரியவில்லை. ‘என் புள்ள தோளு வரைக்கும் வரும்’ என்றேன். ‘உங்க புள்ள எவ்ளோ ஒசரம் சார்?’ என்று கேட்டாள். ஏரித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே, ‘சரி சார், சராசரின்னு போட்டுக்கறேன்’ என்றாள். எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டாள். ‘காபி போட்டா கொஞ்சம் கசப்பா இருக்கும், கொற சொல்லாம குடிக்கிறவரா இருக்கணும்’ என்றேன். மன்னித்துக்கொள், வேறு எதுவும் தோன்றவில்லை. ‘ராத்திரி டூட்டி முடிஞ்சி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கணும். என் புள்ள நிப்பான்’ என்றும் சொன்னேன். கடைசியில், ‘பொண்ணுக்கு இதுல சம்மதந்தானே சார்?’ என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

உன் பெயரைச் சொல்லவில்லை. உன் நம்பரைக் கொடுக்கவில்லை. இது சத்தியம்.

ஆனால் என் நம்பர் அவளிடம் போய்விட்டதே. இந்தச் செவ்வாய்க்கிழமை நான் கேப்பைக் கொல்லையில் இருந்தபோது கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தது உன் அத்தை. ‘சார் இல்லீங்களா? தொண தேடிப் பேசினாரே, ரெண்டு நல்ல எடம் வந்து கீதுன்னு சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். நான் வீட்டுக்கு வந்தபோது உன் அத்தை வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

‘இந்த வயசுல உனக்கு இன்னா தொண கேக்குது? நான் ஒருத்தி உசுரோட நிக்கறது கண்ணுக்குத் தெரியலியா?’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தொன்பது மாதத்தில் முதல் சிரிப்பு, அதுவும் வரக் கூடாத நேரத்தில் வந்தது. அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள். வேறு வழியில்லாமல், ‘எனக்கு இல்ல அஞ்சம்மா. புனிதாவுக்கு’ என்றேன்.

அவள் முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்துபோனது. அதற்குப் பதிலாக வந்ததைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ‘யாரக் கேட்டுப் பண்ணே?’ என்றாள். ‘அவளக் கேட்டியா? என்னையாவது ஒரு வார்த்த கேட்டியா? அவ இன்னா சந்தையில நிக்கற மாடா, நம்பரப் பாத்து போன் பண்றதுக்கு?’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்கு நாளாக என்னோடு பேச்சில்லை. சோறு மட்டும் வருகிறது. உப்பு வருவதில்லை.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு. நீ இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் தன் பிள்ளை இன்னொரு தரம் போன மாதிரி அவளுக்கு. அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் தேற்றிக்கொள்கிறேன். நான் ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்வேன். நீ எங்களை நினைத்துக்கொண்டு உன் காலத்தைக் கழிக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். உன்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன். அதற்கு உன் காலில் விழ வேண்டும், வயது தடுக்கிறது. நம்பர் இருந்தால் அமுக்குகிறவர்கள் குறைவார்களா என்று நடராசன் இனிமேல் என்னைக் கேட்க வேண்டியதில்லை. குறைவார்கள். நானே சாட்சி. என் வாழ்க்கையில் ஒரே ஒரு விளம்பரத்தைத் தேவைப்பட்டு நாடினேன், அதையும் போனில்தான் நாடினேன். உன் புருஷன் கோட்டில் அது ஏறவில்லை.

பதில் எழுதக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். என் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டின கவர் ஒன்று உள்ளே இருக்கிறது. சம்மதம் என்றால் வெறும் கவரை அனுப்பு. சம்மதம் இல்லை என்றாலும் வெறும் கவரை அனுப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதே என்று இப்போதுதான் தோன்றுகிறது. சம்மதமானால் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடு. தபால்காரருக்குப் புரியாது.

நம் மலைக்கோயில் தாளகிரீசுவரர் எங்களைக் கைவிட்டதோடு நிறுத்திக்கொண்டு, உன்னையாவது கண்திறந்து பார்க்கட்டும். உன் அப்பாவுக்கு என் வணக்கம், உன் அம்மாவுக்கு அத்தையின் விசாரிப்பு. உனக்கு எங்கள் இருவரின் ஆசிகளும் குறைவில்லாமல்.

இப்படிக்கு,
உன் மாமா
சுப்பராயலு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குப் பசை தேடி அடுக்களைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் உன் அத்தை இதை முழுக்கப் படித்துவிட்டாள். நான்கு நாளுக்கு அப்புறம் பேசினாள். பேசினாள் என்பதைவிட அழுதாள் என்பதுதான் சரி. பங்குனி உத்திரத்துக்கு நீயும் அவளும் மயிலம் கோயிலுக்குப் போயிருந்தபோது, படிக்கட்டில் உட்கார்ந்து கோபி என்கிறவரைப் பற்றி நீ அவளிடம் சொன்னாயாம். உன் லேபில் வேலை செய்கிறவராம், நல்ல பையனாம். அத்தை சம்மதம் சொல்லாமல் இதைப்பற்றி மேலே பேசமாட்டேன் என்றாயாம். அவள் அன்றைக்கே உன் தலையைத் தொட்டுச் சம்மதம் சொல்லிவிட்டாளாம். ‘மாமாகிட்ட மட்டும் இப்ப சொல்லாத. அவரு ஒடிஞ்சிபூடுவாரு. நான் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக்கறேன்’ என்று உன்னைத் தடுத்ததும் அவளேதானாம். இரண்டரை மாதமாக அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவள் தாங்கமாட்டாள் என்று நான் ஏரிக்கரையில் போய்ப் பேசினேன், நான் தாங்கமாட்டேன் என்று அவள் மயிலத்தில் போய்ப் பேசியிருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதின எல்லாவற்றையும் விட்டுவிடு. புள்ளியும் வேண்டாம், கவரும் வேண்டாம். அம்சாவிடம் வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனுஷி, வாழ்த்துச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் உன் அத்தை விடவில்லை, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து ஒன்று கேட்டு எழுதச் சொல்கிறாள். கோபிக்கு அம்மா இருக்கிறார்களா? எதற்குக் கேட்கிறாய் என்றேன். ‘சும்மாதான். நீ எழுது’ என்றாள். எழுதிவிட்டேன்.